பழைய பண்ணை வீட்டை லேண்ட்மார்க் ஆக்குறது எப்படி? அமெரிக்காவுல இருக்கற நம்மவங்களுக்கு

அமெரிக்காவுல நம்ம ஆளுங்க குடியிருக்கற பல சப்டிவிஷன் ஒரு தலைமுறைக்கு முன்னாடி சோளக்காடு, இல்லன்னா பால் பண்ணை. அந்த நிலத்துக்குன்னு ஒரு வீடு இருந்திருக்கும். சில இடத்துல அது இன்னும் ரோட்டோரமா நிக்குது, பெயின்ட் உரிஞ்சு, முன்பக்க போர்ச் ஒரு பக்கமா சாஞ்சு, பின்னாடி ஒரு பெரிய பார்னோட. மிச்சம் இருக்கற நிலமும் கைமாறுச்சுன்னா ஒரு நாள் காலைல புல்டோசர் வந்து நிக்கும், சாயங்காலம் போய் பாத்தா வெறும் மண்ணு. இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு ஒதுங்காதீங்க. அந்த ஊர்ல வரி கட்டுறோம், புள்ளைங்க அங்க தான் படிக்குது, அந்த மண்ணோட பழசுலயும் நமக்கு அக்கறை இருக்கணும். அந்த வீட்டை காப்பாத்த ஒரு வழி, அதை லேண்ட்மார்க், அதாவது பாதுகாக்க வேண்டிய வரலாற்று இடம்னு அறிவிக்க வெக்கறது. நேஷனல் ரெஜிஸ்டர்ங்கற தேசிய வரலாற்று இடப் பட்டியலுக்கு நாமினேஷன், அதாவது பரிந்துரை எழுத ஆர்க்கிடெக்ட்டா இருக்கணும்னு கிடையாது, சிட்டிசனா இருக்கணும்னு கூட கிடையாது, யார் வேணா எழுதலாம். வேண்டியது பொறுமையும் கொஞ்சம் சனிக்கிழமைகளும் தான்.

முதல்ல ஒரு பெரிய குழப்பத்தை தீர்த்துக்கணும், ஏன்னா இதுல தான் நல்ல மனசோட வர்றவங்க எல்லாம் ஏமாந்து போறாங்க. வீட்டு சுவத்துல நேஷனல் ரெஜிஸ்டர் பித்தளை பலகை இருக்கு, அப்ப அதை யாரும் இடிக்க முடியாதுன்னு நினைக்கறாங்க. முடியும். நேஷனல் ரெஜிஸ்டர் ஆஃப் ஹிஸ்டாரிக் பிளேசஸ் 1966 சட்டத்துல வந்தது, நேஷனல் பார்க் சர்வீஸ் நடத்துது, தொண்ணூறாயிரத்துக்கும் மேல இடங்கள் அதுல இருக்கு. ஆனா தனியார் ஓனர் சொந்த காசுல சொந்த வீட்டை இடிக்கறதை அது தடுக்கவே தடுக்காது. ஃபெடரல் காசோ ஃபெடரல் பெர்மிட்டோ சம்பந்தப்பட்ட வேலை, அதாவது ஹைவே அகலப்படுத்தறது மாதிரி வந்தா மட்டும், அதே 1966 சட்டத்தோட செக்‌ஷன் 106 படி அந்த ஏஜென்சி பழைய வீட்டுக்கு என்ன பாதிப்புன்னு பாத்து, கலந்து பேசி தான் மேல போகணும். அப்பவும் பேசணும்னு தான் விதி, வேலையை நிறுத்தியே ஆகணும்னு இல்ல.

உண்மையில புல்டோசரை நிறுத்தற சக்தி உள்ளூர் ஆர்டினன்ஸ்கிட்ட, அதாவது உள்ளூர் அரசு போடற சட்டத்துகிட்ட தான் இருக்கு. டவுன்ஷிப், சிட்டி, கவுண்டி இதுல எது உங்க நிலத்தை ஆளுதோ அது ஒரு லேண்ட்மார்க் சட்டம் போட்டு, கமிஷன் வெச்சு, இந்த வீட்டை இடிக்கணும்னாலும் வெளிப்பக்கம் மாத்தணும்னாலும் எங்ககிட்ட அனுமதி வாங்குன்னு சொல்லலாம். 1931ல சார்ல்ஸ்டன் தான் இதை முதல்ல பண்ணுச்சு, நியூயார்க் சிட்டி 1965ல பண்ணுச்சு. இது ஓனரோட சொத்தை பிடுங்கற மாதிரி இல்லையான்னு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1978ல பென் சென்ட்ரல்ங்கற ரயில் கம்பெனி போட்ட கேஸ்ல நியூயார்க் பக்கம் தீர்ப்பு வந்துச்சு. கிராமப்புறத்துல சிக்கல் என்னன்னா, சிட்டி ஆர்டினன்ஸ் சிட்டி எல்லையோட நின்னுடும், வெளிய இருக்கற நிலத்துக்கு கவுண்டியோ டவுன்ஷிப்போ தனியா சட்டம் வெச்சிருக்கணும், நிறைய கவுண்டில அது இல்ல. அதனால வீட்டை போட்டோ எடுக்க போறதுக்கு முன்னாடி கவுண்டி பிளானிங் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க: இந்த முகவரி யாரோட எல்லைல வருது, லேண்ட்மார்க் ஆர்டினன்ஸ் இருக்கா, இருந்தா யார் நாமினேட் பண்ணலாம். சில ஊர்ல எந்த குடியிருப்பாளரும் பண்ணலாம், சில ஊர்ல ஓனர் மட்டும் தான், சில ஊர்ல ஓனர் எதிர்த்தா கவுன்சில்ல கூடுதல் ஓட்டு வேணும். ஆர்டினன்ஸை முழுசா பிரின்ட் எடுத்து படிங்க, சுருக்கத்தை நம்பாதீங்க.

சட்டமே இல்லன்னா? அப்ப உங்க வேலை ஒரு வீட்டோட நிக்காது, சட்டம் கொண்டு வர்றதுல இருந்து தொடங்கணும். முழு ஆர்டினன்ஸுக்கு ஊர் தயாரா இல்லன்னா டெமாலிஷன் டிலேன்னு ஒண்ணு இருக்கு, மாசச்சூசெட்ஸ்ல நிறைய டவுன்ல இருக்கு. பழைய வீட்டை இடிக்க பெர்மிட் கேட்டா ஆறு மாசம், ஒரு வருஷம்னு நிறுத்தி வெச்சு அந்த நேரத்துல வாங்க ஆள் தேடலாம். வீடு தப்பிக்கும்னு உத்தரவாதம் இல்ல, ஆனா ஒரே ராத்திரில காணாம போறதுல இருந்து காப்பாத்தும். உங்க ஸ்டேட்டோட ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன் ஆபீஸ், எல்லாரும் ஷிப்போன்னு சொல்வாங்க, அவங்ககிட்ட மாதிரி ஆர்டினன்ஸ் கேட்டா கிடைக்கும். உள்ளூர் அரசு தகுதி காட்டி சர்ட்டிஃபைடு லோக்கல் கவர்ன்மென்ட் ஆயிடுச்சுன்னா, ஸ்டேட்டுக்கு வர்ற ஃபெடரல் பிரிசர்வேஷன் நிதில குறைஞ்சது 10 சதவீதத்தை ஸ்டேட் அந்த மாதிரி ஊர்களுக்கு பிரிச்சு குடுத்தே ஆகணும், இதை கவுன்சில் மீட்டிங்ல சொன்னா காது குடுத்து கேப்பாங்க.

ஓனர்கிட்ட பேசுறது

இதை பேப்பர் வேலைக்கு முன்னாடி வெக்கறேன், காரணம் இருக்கு. நேஷனல் ரெஜிஸ்டர்ல தனியார் ஓனர் நோட்டரி வெச்சு ஆட்சேபம் எழுதி குடுத்தா லிஸ்ட் பண்ண மாட்டாங்க, தகுதி இருக்குன்னு மட்டும் குறிச்சு வெப்பாங்க. உள்ளூர்லயும் ஓனர் கசந்து போய் எதிர்த்தா அந்த வீடு வருஷக்கணக்குல பூட்டியே கிடக்கும், கூரை ஒழுகும், கடைசில இடிக்கறதை தவிர வழியில்லன்னு இன்ஜினியர் எழுதி குடுப்பாரு. அப்படி செத்துப்போற வீடுங்க இடிச்ச வீடுகளுக்கு குறைஞ்சது இல்ல.

அதனால லெட்டர் அனுப்பாதீங்க, நேர்ல போங்க. பெரும்பாலும் வயசானவங்களா இருப்பாங்க, தாத்தா கட்டுன வீடா இருக்கும், புள்ளைங்க வெளியூர்ல இருப்பாங்க, நிலத்தை வித்தா தான் கடைசி காலத்துக்கு காசுன்னு ஒரு கணக்கு ஓடும். அந்த கணக்கு நியாயமானது, அதை மட்டமா பேசக்கூடாது. முதல் தடவை லேண்ட்மார்க்ங்கற பேச்சையே எடுக்க வேண்டாம், வீட்டை பத்தி கேளுங்க, அந்த ஜன்னல் ஏன் அங்க இருக்கு, கிணறு எங்க இருந்துச்சு, யார் எந்த ரூம்ல பொறந்தாங்கன்னு. சமையலறை மேஜைல உக்காந்து ஒரு தடவை ஆல்பத்தை திறந்துட்டாங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பழைய போட்டோல போர்ச் எப்படி இருந்துச்சுன்னு அங்க தான் தெரியும், எந்த ஆர்கைவ்லயும் கிடைக்காது.

அப்புறம் அவங்க பயத்துக்கு நேரடியா பதில் சொல்லுங்க. வீட்டுக்குள்ள சமையலறை மாத்தறதுக்கு பொதுவா யாரும் கேக்க மாட்டாங்க, உள்ளூர் சட்டம் பெரும்பாலும் வெளிப்பக்கத்தோட நின்னுடும். விக்கலாம், வாடகைக்கு விடலாம், புள்ளைங்களுக்கு எழுதி வெக்கலாம். நேஷனல் ரெஜிஸ்டர்ல இருந்தா வீட்டை சுத்திக் காட்டணும்னு கட்டாயம் கிடையாது. ஆனா ஆசை காட்டி பொய் சொல்லாதீங்க. 20 சதவீத ஃபெடரல் டேக்ஸ் கிரெடிட் இருக்குன்னு பல பேர் அள்ளி விடுவாங்க, அது வருமானம் வர்ற கட்டடத்துக்கு மட்டும் தான், சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு கிடையாது. வாடகை வீடு, தங்கும் விடுதி, விவசாயத்துல இன்னும் பயன்படற பார்ன் இதுக்கெல்லாம் வழி இருக்கு, அப்பவும் அஞ்சாயிரம் டாலர் இல்லன்னா வரிக் கணக்குல கட்டடத்துக்கு இருக்கற மதிப்பு, இதுல எது பெருசோ அதை தாண்டி செலவு பண்ணிருக்கணும். சில ஸ்டேட்ல சொந்த வீட்டுக்கும் ஸ்டேட் கிரெடிட் உண்டு, அதை ஷிப்போகிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டு தான் ஓனர்கிட்ட சொல்லணும்.

வீட்டுக்கு வயசு பாக்குறது

ரியல் எஸ்டேட் வெப்சைட்ல போட்டிருக்கற கட்டுன வருஷத்தை எழுதிடாதீங்க, பழைய வீடுன்னா வரிக்காக சொத்து மதிப்பு போடற கவுண்டி அசெஸர் குத்துமதிப்பா 1900ன்னு போட்டிருப்பாங்க. வீட்டையே கேளுங்க, டார்ச் எடுத்துட்டு பரண்லயும் பேஸ்மென்ட்லயும் போய் பாருங்க, ஏன்னா ஆளுங்க பெயின்ட் அடிக்காம விடற இடம் அது ரெண்டும் தான்.

உத்தரத்துல டார்ச்சை நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, அப்ப தான் ரம்பத்தோட கோடு எழும்பி தெரியும். கோடு எல்லாம் நேர்நேரா, ஒண்ணுக்கொண்ணு இணையா இருந்தா மேலயும் கீழயும் ஓடுற பழைய மில் ரம்பம். வில் மாதிரி வளைஞ்சு இருந்தா வட்ட ரம்பம், அது பரவலா வந்தது 1830, 1840க்கு அப்புறம். கோடே இல்லாம கோடாலி கொத்துன பள்ளம் பள்ளமா இருந்தா கையால செதுக்குனது. அடுத்து ஆணி. தலை மேடும் பள்ளமுமா சுத்தியல் அடிச்ச அடையாளத்தோட, நாலு பக்கமும் கூம்பி இருந்தா கொல்லன் அடிச்சது, 1800க்கு முன்னாடி அது தான் சாதாரணம். ரெண்டு பக்கம் மட்டும் கூம்பி ரெண்டு பக்கம் இணையா இருந்தா மெஷின்ல வெட்டுன ஆணி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அது தான் ஓடுச்சு. இன்னிக்கு நாம வாங்கற உருண்டை கம்பி ஆணி 1890கள்ல இருந்து தான் எங்க பாத்தாலும். ஆனா ஒரு ஆணியை வெச்சு முடிவு கட்டாதீங்க, பழைய பலகையை எடுத்து புது கட்டடத்துல போடறது பண்ணைல சர்வ சாதாரணம், புது ஆணியை பழைய சுவத்துல அடிக்கறதும் சாதாரணம். ரம்பக் கோடு, ஆணி, அஸ்திவாரக் கல்லு, ஜன்னல் மூணு நாலும் ஒரே காலத்தை சொன்னா தான் எழுதலாம்.

இதுக்கு அப்புறம் கோர்ட்ஹவுஸ். இப்ப இருக்கற ஓனர்ல இருந்து பின்னோக்கி, யார் யார்கிட்ட வாங்குனாங்கன்னு கிரான்டர், கிரான்டி இன்டெக்ஸ், அதாவது வித்தவங்க, வாங்குனவங்க பேர்ப் பட்டியல் வெச்சு டீட் டீடா, அதாவது ஒவ்வொரு பத்திரமா போகணும். டீட் நிலத்தை தான் சொல்லும், வீட்டை சொல்லாது, அதனால டேக்ஸ் ரோல்ங்கற வரிப் பதிவேட்டை பாருங்க, ஒரு வருஷம் அம்பது டாலர் மதிப்புல இருந்த நிலம் அடுத்த வருஷம் திடீர்னு முன்னூறுக்கு போயிருந்தா அங்க தான் வீடு வந்திருக்கும். மேற்கு பக்க ஸ்டேட்ல இருக்கீங்கன்னா உங்களுக்கு ஒரு பொக்கிஷம் இருக்கு. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வாங்கினவங்க அஞ்சு வருஷம் குடியிருந்து விவசாயம் பண்ணோம்னு நிரூபிக்கணும், அதுக்கு சாட்சி சொல்ல வந்தவங்க வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, கூரை எதுல போட்டது, எத்தனை ஏக்கர் உழுதாங்கன்னு எல்லாம் சொல்லிருப்பாங்க, அந்த ஃபைல் நேஷனல் ஆர்கைவ்ஸ்ல இருக்கு. 1850ல இருந்து 1880 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த விவசாய சென்சஸ்ல பசு எத்தனை, வெண்ணெய் எத்தனை பவுண்டுன்னு பண்ணை பண்ணையா இருக்கும். மக்கள் சென்சஸ் 72 வருஷம் கழிச்சு தான் வெளிய விடுவாங்க, 1950 வரைக்கும் இப்ப கிடைக்குது, 1890 மட்டும் தீ விபத்துல பெரும்பாலும் போயிடுச்சு. கவுண்டி பழைய மேப்புல பண்ணைக்கு பண்ணை ஓனர் பேரு குறிச்சிருக்கும், விவசாயத் துறை 1930கள்ல இருந்து எடுத்த ஏரியல் போட்டோல பார்ன், கொட்டகை எல்லாம் எங்க நின்னுச்சுன்னு தெரியும்.

தெற்கு ஸ்டேட்ல 1865க்கு முன்னாடி கட்டுன வீடுன்னா 1850, 1860 அடிமை சென்சஸ் ஷெட்யூலையும் கண்டிப்பா எடுங்க. அதுல பெரும்பாலும் ஓனர் பேருக்கு கீழ வயசும் ஆணா பெண்ணான்னும் தான் இருக்கும், ஆளோட பேரு இருக்காது. அந்த செங்கல்லை சுட்டது, அந்த உத்தரத்தை செதுக்குனது பெரும்பாலும் அந்த அடிமைப்பட்டிருந்த மக்கள் தான். நாமினேஷன்ல ஓனரோட வம்சத்தை மூணு பக்கம் எழுதிட்டு இவங்களுக்கு ஒரு வரி கூட விடலன்னா அது வரலாறே இல்ல. விளைச்சல்ல பங்குக்கு உழுதவங்க, கூலிக்கு வந்தவங்க குடியிருந்த சின்ன வீடு பின்னாடி இருந்தா அதையும் சேத்து எழுதுங்க, பெரிய வீட்டை விட அது தான் முதல்ல இடிஞ்சு போகும்.

எழுதுறது

நேஷனல் ரெஜிஸ்டர் ஃபார்ம் நம்பர் 10-900. உள்ளூர் ஃபார்ம் ஊருக்கு ஊர் மாறும், ஆனா கேக்கறது ஒண்ணு தான்: ஏன் முக்கியம், இன்னும் முழுசா இருக்கா. வயசு பொதுவா 50 வருஷம் ஆகிருக்கணும், வாஷிங்டன்ல கிங் கவுண்டி மாதிரி சில இடத்துல 40 போதும். ஏன் முக்கியம்ங்கறதுக்கு நாலு கதவு வெச்சிருக்காங்க, ஏ நிகழ்வு, பி முக்கியமான ஆள், சி கட்டடக்கலை, டி தோண்டி ஆராய்ஞ்சா கிடைக்கக்கூடிய தகவல். எல்லாரும் சி பக்கம் ஓடுவாங்க, வீடு அழகா இருக்குன்னு. சாதாரண பண்ணை வீட்டுக்கு ஏ தான் பலமான கதவுன்னு நான் நினைக்கறேன், இந்த பகுதில விவசாயம் எப்படி மாறுச்சு, கோதுமைல இருந்து பாலுக்கு எப்ப போனாங்க, ரயில் வந்ததும் என்ன ஆச்சுன்னு அந்த ஒரு பண்ணையை வெச்சே காட்ட முடியும். ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு ராத்திரி தங்குனாருங்கற கதையை மட்டும் நம்பி பி போட்டுடாதீங்க, ஒரு ராத்திரி தங்குனது எல்லாம் எடுபடாது.

முழுசா இருக்காங்கறதுக்கு ஏழு விஷயம் பாப்பாங்க: இடம், வடிவம், சுத்துப்புறம், பொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு. இங்க சுத்துப்புறம்ங்கறதை பெருசா எடுத்துக்கோங்க. வீட்டை மட்டும் கோடு போட்டு எல்லை குறிச்சா, சுத்தி டவுன்ஹவுஸ் கட்டிட்டு நடுவுல வீட்டை விட்டுட்டு போவாங்க. பார்ன், சோளக் கிடங்கு, கிணத்து கொட்டகை, வீட்டுக்கு வர்ற மரவரிசை பாதை, முன்னாடி ஒரு துண்டு வயல் எல்லாம் எல்லைக்குள்ள வரட்டும், ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு ஒரு வரி எழுதுங்க. வீட்டை தூக்கி வேற இடத்துல வெச்சுக்கறோம்னு டெவலப்பர் ஆஃபர் குடுப்பாரு, கடைசி வழியா தான் அதை பாக்கணும், நகத்துன வீட்டை நேஷனல் ரெஜிஸ்டர் பொதுவா ஏத்துக்காது.

வெளிச்சுவத்துல வினைல் சைடிங், அதாவது பிளாஸ்டிக் பட்டை போட்டுட்டாங்களேன்னு மனசு விட்டுடாதீங்க, ஓனர் அனுமதியோட ஒரு மூலைல ஒரு பட்டையை கழட்டி பாத்தா உள்ள பழைய பலகை அப்படியே இருக்கறது உண்டு, அந்த போட்டோவை சேருங்க.

ஹியரிங்

நேஷனல் ரெஜிஸ்டர் வழின்னா ஷிப்போ படிச்சு திருத்தம் சொல்லும், ஸ்டேட் ரிவ்யூ போர்டுக்கு போகும், அங்க பாஸ் ஆனா வாஷிங்டன்ல கீப்பர்கிட்ட, அதாவது ரெஜிஸ்டருக்கு பொறுப்பான அதிகாரிகிட்ட போகும், அவங்களுக்கு 45 நாள். இது அமைதியா நடக்கும். சண்டை எல்லாம் உள்ளூர் ஹியரிங்ல தான்.

பேச நேரம் ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம் தான் குடுப்பாங்க. ஒரே விஷயத்தை பத்து பேர் பேசி பிரயோஜனம் இல்ல, ஒருத்தர் வயசு, ஒருத்தர் அங்க வாழ்ந்தவங்க, ஒருத்தர் ஆர்டினன்ஸ்ல எந்த பிரிவுக்கு எப்படி பொருந்துதுன்னு பிரிச்சுக்கோங்க. அழகா இருக்கு, மனசு வலிக்குதுன்னு மட்டும் பேசுனா கமிஷன் அதை வெச்சு முடிவு எடுக்க முடியாது, நாளைக்கு கோர்ட்ல நிக்காது, அதனால ஒவ்வொரு தகுதிக்கும் ஆதாரத்தை கைல குடுங்க. நம்ம ஆளுங்களை கூட்டிட்டு போங்க, சப்டிவிஷன்ல புதுசா வந்தவங்களும் இந்த வீட்டை கேக்கறாங்கன்னு பாக்கும்போது கவுன்சில்ல இருக்கறவங்க நிமிந்து உக்காருவாங்க.

உள்ளூர் ஆளுங்க சேந்தா எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு வர்ஜீனியால லூயிசா கவுண்டி கிரீன் ஸ்பிரிங்ஸ் இருக்கு. 1970 வாக்குல ஸ்டேட் அங்க சிறை கட்ட முடிவு பண்ணுச்சு. அக்கம்பக்கத்து நிலக்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, 1971ல ஃபெடரல் அப்பீல் கோர்ட், ஃபெடரல் நிதி குடுக்கற ஏஜென்சி 1966 சட்டத்தை மதிச்சே ஆகணும்னு சொல்லுச்சு. சிறை அங்க வரல. 1974ல அந்த பண்ணை வீடுங்க, வயல் எல்லாம் சேத்து ஏறக்குறைய 14,000 ஏக்கர் நேஷனல் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க் டிஸ்ட்ரிக்ட் ஆச்சு. பேரு கிடைச்சதோட அவங்க நிக்கல, நிலத்துக்காரங்க பல பேர் ஈஸ்மென்ட் எழுதி குடுத்தாங்க.

இந்த ஈஸ்மென்ட் தான் எல்லாத்துலயும் பலமான பூட்டு. ஓனர் தன் விருப்பத்துல, இந்த வீட்டை இடிக்க மாட்டோம், நிலத்தை துண்டு போட மாட்டோம்னு ஒரு டிரஸ்டுக்கோ ஸ்டேட் அமைப்புக்கோ பத்திரம் எழுதி ரெஜிஸ்டர் பண்றாரு, அடுத்து யார் வாங்குனாலும் அது கூடவே போகும். கவுன்சில் மாறுனா ஆர்டினன்ஸ் மாறலாம், இது மாறாது. வரிச்சலுகை கிடைக்க வாய்ப்பு இருக்கு, ஆனா வரி வக்கீலை பாக்காம கையெழுத்து போடக்கூடாது.

கிடைச்சதுக்கு அப்புறம்

முதல்ல கூரை, அடுத்து தண்ணி வடியற கட்டர், மத்ததெல்லாம் அப்புறம். செங்கல் சுவர்ல பழைய சுண்ணாம்பு சாந்து உதிர்ந்திருந்தா ஹார்ட்வேர் கடைல கிடைக்கற சிமென்ட் சாந்தை வெச்சு அடைக்க விடாதீங்க. சிமென்ட் பழைய செங்கல்லை விட இறுக்கம், ஈரம் வெளிய வர வழியில்லாம செங்கல்லு வழியா வந்து, குளிர்ல உறைஞ்சு, செங்கல்லோட முகம் பொளந்து உதிரும். மர ஜன்னலையும் தூக்கி போட்டுடாதீங்க, பழைய கெட்டி மரம், பாகம் பாகமா கழட்டி சரி பண்ணலாம், வெளிய ஒரு ஸ்டார்ம் விண்டோ போட்டா குளிரும் அடங்கும். பார்க் சர்வீஸ் போடற பிரிசர்வேஷன் பிரீஃப்ஸ் ஆன்லைன்ல இலவசம், நம்பர் 2 சாந்துக்கு, 9 மர ஜன்னலுக்கு, 20 பார்னுக்கு, யாரும் குடியில்லாம பூட்டி வெக்கணும்னா 31.

எல்லாம் பண்ணியும் தோத்துட்டீங்கன்னா, இடிக்கற தேதிக்கு முன்னாடி உள்ள போக அனுமதி கேளுங்க, பல டெவலப்பர் குடுத்துடுவாங்க. 1933ல இருந்து ஹிஸ்டாரிக் அமெரிக்கன் பில்டிங்ஸ் சர்வே பண்ற மாதிரி அளந்து படம் போட்டு, நாலு பக்கமும் ஒவ்வொரு ரூமும் பரணும் போட்டோ எடுத்து, கவுண்டி ஹிஸ்டாரிக்கல் சொசைட்டில ஒரு காப்பி, லைப்ரரில ஒரு காப்பி குடுங்க. அதோட மாசாமாசம் பில்டிங் டிபார்ட்மென்ட்ல டெமாலிஷன் பெர்மிட் லிஸ்ட் வாங்கி பாக்கற வேலையை ஒருத்தர் எடுத்துக்கோங்க, அடுத்த வீட்டுக்கு பெர்மிட் கேட்டிருக்காங்கன்னு ஊருக்கு முன்னாடியே உங்களுக்கு தெரியும்.